ரெண்டு பேரும் ஒரே ஆளாத் தெரியுறாங்க, ஒருத்தியைத் தூக்கிடலாமா?

கேள்வி, 31 மே

அண்ணே, இருபத்தி நாலு பக்கத்துல ஒரு கதை வரைஞ்சுட்டு இருக்கேன். அக்கா, தங்கச்சி ரெண்டு பேர். ரெண்டு பேருக்கும் ஒரே சக்தி, கண்ணுக்குத் தெரியாத வேகத்துல ஓடுவாங்க. படிச்ச நாலு பேர்ல மூணு பேர் “எது அக்கா எது தங்கச்சின்னே தெரியல, ஒருத்தியைத் தூக்கிடு”ங்கிறாங்க. எனக்கு மனசு வரல. ஆனா அமெரிக்கக் காமிக்ஸ்லயும் இதே கூத்துதானே? கிரீன் ஆரோவும் ஹாக்ஐயும் வில்லு வச்ச ஒரே ஆள்தான், கம்பெனிதான் வேற. அவங்களாலயே பிரிக்க முடியாததை நான் எங்க பிரிக்கிறது?

2 ஜூன், இரவு 11.40

தூக்காதே. தூக்குவது சுலபமான வேலை, அதனால்தான் மூன்று பேரும் அதையே சொல்கிறார்கள்.

நான் ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் போடுகிறவன், பதினாறு வருஷமாக. எங்கள் கம்ப்யூட்டரில் கோட் சூட் போட்ட ஓர் உடம்பு இருக்கிறது. கழுத்து வரைக்கும்தான். அதன்மேல் எத்தனை தலை ஏறி இறங்கியிருக்கும் என்று எனக்கே கணக்கு இல்லை. காதணி விழாவில் தாய்மாமன், கடைத் திறப்பில் முதலாளி, தேர்தல் வந்தால் வட்டச் செயலாளர், எல்லாருக்கும் அதே கோட்டு, இடது கையில் அதே கடிகாரம். ஒருமுறை ஒரே முக்கில் பத்தடி இடைவெளியில் இரண்டு பேனர் நின்றுவிட்டன. இரண்டு பேரும் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் வேறு. காலையிலேயே கடைக்கு வந்துவிட்டார்கள், தனித்தனியாக.

அமெரிக்க சூப்பர் ஹீரோக்களில் முக்கால்வாசி இந்தக் கோட்டுதான். ஒரே மார்பு, ஒரே தொடை, ஒரே தாடை. சாயத்தை மாற்றிவிட்டு ஆள் மாறிவிட்டான் என்கிறார்கள்.

ஆகவே முதலில் சாயத்தை எடு. பக்கங்களைக் கறுப்பு வெள்ளையில் பிரின்ட் போடு. இரண்டு பேரின் உருவத்துக்குள்ளும் மசியை ஊற்றி நிரப்பு. வெறும் நிழலைப் பார்த்தே யார் என்று தெரிய வேண்டும். கறுப்பு வெள்ளைக் காமிக்ஸில் வளர்ந்த நமக்கு இது தெரியாதா? இரும்புக்கை மாயாவி மின்சாரத்தைத் தொட்டால் உடம்பு மறைந்துவிடும், கை மட்டும் மறையாது. வெற்றுக் கட்டத்தில் ஒற்றை உலோகக் கை மிதக்கும். அவனை இன்னொருவனோடு குழப்பிக்கொண்ட பிள்ளை எங்கள் தெருவில் இல்லை.

அக்காவுக்கு நீளப் பின்னல், தங்கைக்கு கிராப். முடிந்தது.

4 ஜூன்

முடியவில்லை. தம்பி பக்கங்களை அனுப்பியிருக்கிறார். பின்னலும் கிராப்பும் ஏற்கனவே இருக்கின்றன. பார்க்காமலே ஆலோசனை சொன்ன எனக்கு இது தேவைதான்.

மசி ஊற்றியும் பார்த்தேன். நிழலில் ஆள் நன்றாகவே தெரிகிறது. அடுத்து உருவங்களைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு பேச்சு பலூனை மட்டும் படித்தேன். அங்கேதான் சிக்கல். “சீக்கிரம் வா”, “விடக் கூடாது”, “நான் பார்த்துக்கிறேன்”. யார் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம், எங்கள் கடைக்காரர் உட்பட.

5 ஜூன்

சரி, அந்த வில்லாளர்கள்.

கிரீன் ஆரோவும் ஹாக்ஐயும் ஒரே ஆள் என்கிறாய். கிரீன் ஆரோ முதலில் யாருடைய கோட்டைப் போட்டிருந்தார் தெரியுமா? பேட்மேன் கோட்டு. 1941-இல் ‘மோர் ஃபன் காமிக்ஸ்’ 73-ஆம் இதழில் வருகிறார். பணக்கார ஆலிவர் க்வீன். கூடவே ஸ்பீடி என்று ஒரு பையன், பேட்மேனின் கூட்டாளிப் பையன் ராபினுக்குப் பதிலாக. அவருக்கென்று ஓர் அம்புக் கார் வந்தது, அம்புக் குகையும் வந்தது. ஒன்றையும் விடவில்லை. வேடிக்கை என்னவென்றால் அதே 73-ஆம் இதழில்தான் அக்வாமேனும் முதல்முறை வருகிறார். அப்போது கடலுக்குள் 1939 முதல் நேமர் என்று ஒருவர் குடியிருந்துகொண்டிருந்தார். ஒரே இதழில் இரண்டு ஒட்டுத்தலை. எங்கள் கடையில்கூட ஒரு நாளைக்கு ஒன்றுதான்.

அப்படியே இருபத்தெட்டு வருஷம் ஓடியது. அம்பின் நுனியில் குத்துச்சண்டைக் கையுறையை மாட்டி எய்தார், அதுதான் அவரது தனித்தன்மை. என் மருமகன் (அக்கா மகன், எட்டாவது படிக்கிறான்) அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, “மாமா, இது எப்படி நேராப் போகும்? முன்னாடி வெயிட்டு இழுக்குமே?” என்றான். 1969-இல் நீல் ஆடம்ஸ் என்ற ஓவியர் வந்தார். தாடி வைத்தார், உடையை மாற்றினார். அன்றுதான் அந்த ஆள் பிறந்தான்.

6 ஜூன், காலை

நேற்றைய கடைசி வரியை வாபஸ் வாங்குகிறேன். தாடியால் பிறக்கவில்லை.

தாடி வந்தது ‘தி பிரேவ் அண்ட் தி போல்ட்’ 85-ஆம் இதழில். அதே வருஷம் ‘ஜஸ்டிஸ் லீக் ஆஃப் அமெரிக்கா’ 75-இல் எழுத்தாளர் டென்னி ஓ நீல் அவருடைய சொத்தை மொத்தமாகப் பிடுங்கிவிட்டார். பணம் மட்டும் போகாமல் இருந்திருந்தால் அவர் தாடி வைத்த பேட்மேன், அவ்வளவுதான். பணம் போனதும் வாய் திறந்தது. 1970-இல் ‘கிரீன் லான்டர்ன்’ 76-ஆம் இதழிலிருந்து அவரைக் கொண்டுபோய்ப் பச்சை மோதிரக்காரர் ஹால் ஜோர்டனோடு சேர்த்தார்கள். முதல் கதையே வாடகை வீட்டுக்காரர்களைத் துரத்தும் ஒரு வீட்டு முதலாளியைப் பற்றியது. ஹால் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதலாளியைக் காப்பாற்றுகிறார். ஆலிவர் அந்த இடத்தைச் சுற்றிக் காட்டுகிறார். ஒரு கறுப்பினப் பெரியவர் ஹாலிடம் வந்து, நீலத் தோல்காரர்களுக்கும் ஆரஞ்சுத் தோல்காரர்களுக்கும் என்னென்னவோ செய்தாயாமே, கறுப்புத் தோல்காரர்களுக்கு மட்டும் ஏன் ஒன்றும் செய்யவில்லை என்று கேட்கிறார். விண்வெளி முழுக்கச் சுற்றிய ஆள் தலையைக் குனிகிறான்.

அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு இரண்டு பச்சைச் சட்டையில் யார் எவர் என்று யாராவது கேட்பார்களா?

ஹாக்ஐயைப் பற்றி எழுதவே இல்லை. கடைக்கு நேரமாகிவிட்டது.

9 ஜூன்

ஹாக்ஐ அப்புறம். முதலில் வேகக்காரர்கள், உன் கதைக்கு அதுதான் பக்கம்.

டிசி, மார்வெல் இரண்டும் அமெரிக்கக் காமிக்ஸ் கம்பெனிகள். டிசி-யில் ஃப்ளாஷ், மார்வெலில் க்விக்சில்வர். இரண்டும் ஓட்டம்தான். 1993-இல் ‘எக்ஸ்-ஃபேக்டர்’ 87-ஆம் இதழ், எழுதியவர் பீட்டர் டேவிட். குழுவில் ஒவ்வொருவரும் டாக் சாம்சன் என்ற மனநல மருத்துவர் முன்னால் உட்கார்ந்து பேசுகிறார்கள், இதழ் முழுக்க அதுதான். க்விக்சில்வர் ஏன் எப்போதும் எரிந்து விழுகிறார் என்ற கேள்வி வருகிறது. அதற்கு அவர் சொல்லும் பதிலின் சாரம்: ஏடிஎம் வரிசையில் நிற்கிறீர்கள், உங்களுக்கு முன்னால் இருப்பவருக்கு மிஷினை இயக்கத் தெரியவில்லை. அப்போது உங்களுக்கு எப்படி இருக்கும்? எனக்கு உலகமே அந்த வரிசைதான், விழித்திருக்கும் நேரம் முழுக்க.

இதை முதலில் படித்தபோது சிரித்தேன். பிறகு ஒரு முதல் தேதி, பென்ஷன் வரும் நாள், பேருந்து நிலைய ஏடிஎம்மில் எனக்கு முன்னால் ஒரு பெரியவர். கார்டைத் திருப்பித் திருப்பிச் சொருகுகிறார். நான் உதவி செய்திருக்கலாம். செய்யாமல் மணி பார்த்துக்கொண்டு நின்றேன், உச்சுக்கொட்டினேன் என்றுகூட நினைக்கிறேன். அன்றைக்குத்தான் க்விக்சில்வர் எனக்குப் புரிந்தான். அவன் திமிர் பிடித்தவனில்லை. அவனுக்கு எல்லாருமே அந்தப் பெரியவர்.

இப்போது மறுபக்கம். 1987-இல் வாலி வெஸ்ட் ஃப்ளாஷாகத் தனி இதழ் தொடங்குகிறான். பழைய ஃப்ளாஷ் பேரி ஆலன் 1985-இல் செத்துப்போனதால் அந்த உடை இவனுக்கு வந்தது. பேரி அளவுக்கு வேகம் கிடையாது, ஒலியின் வேகத்தை ஒட்டித்தான் ஓடுவான். ஓடி முடித்தால் பசி, அண்டா அண்டாவாகச் சாப்பாடு. மாற்று அறுவைக்கு ஓர் இதயத்தைச் சுமந்துகொண்டு நாட்டின் குறுக்கே ஓடும் வேலைக்குக் கூலியாக மருத்துவக் காப்பீடு கேட்கிறான். சூப்பர் ஹீரோ காப்பீடு கேட்டது எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. எங்கள் கடையில் பதினாறு வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சக்தி ஒன்றுதான். பில்லை ஒருவனின் கோபம் கட்டுகிறது, இன்னொருவனின் வயிறு கட்டுகிறது. உன் அக்காவும் தங்கையும் ஓடுவதற்கான பில்லை யார் கட்டுகிறார்கள்? மாசத்துக்கு எத்தனை ஜோடி செருப்பு தேயும்? அந்த வீட்டில் அதற்கு யார் காசு கொடுக்கிறார்கள்?

10 ஜூன்

“அப்ப ஆளுக்கொரு வியாதி கொடுத்தாப் போதுமா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

நக்கலாகக் கேட்டிருக்கிறார், ஆனால் சரியான இடத்தில் குத்தியிருக்கிறார். நேற்று எழுதியதில் எனக்கே இப்போது பாதி நம்பிக்கைதான். ஹாக்ஐக்குக் காது கேட்காது என்று நான் எழுதவிருந்தேன். அதைச் சொல்லிவிட்டு “பார்த்தீர்களா, கிரீன் ஆரோவுக்குக் கேட்கும், ஆகவே வேறு ஆள்” என்று முடித்திருப்பேன். குறை என்பது ஒட்டுத்தலையைப் போல ஒட்டுக்குறையாகவும் இருக்கலாம்.

ஹாக்ஐயின் நிஜப்பேர் கிளின்ட் பார்ட்டன், 1964-இல் வந்தவன். அநாதை, சர்க்கஸில் வளர்ந்தவன், முதலில் எதிராளியாக வந்து மறுவருஷமே அவெஞ்சர்ஸில் சேர்ந்தவன். 1983-இல் காது போகிறது. அப்போதெல்லாம் எனக்கு அவன் ஊதாச் சட்டை போட்ட இன்னொரு வில்லாளன்தான். 2012-இல் மேட் ஃபிராக்ஷன் எழுத, டேவிட் ஆஹா வரைந்த தொடரில்தான் ஆள் பிடிபட்டான். ப்ரூக்ளினில் ஒரு பழைய அடுக்குமாடி வீடு, மூக்கின்மேல் பிளாஸ்திரி, பீட்ஸா தின்கிற ஒற்றைக்கண் நாய். 19-ஆம் இதழில் காது கேட்காத நிலையில் சைகை மொழியில் பேசுகிறார்கள். அதை வாசகனுக்கு மொழிபெயர்த்துத் தரவில்லை. கைகளைப் பார்த்துக்கொண்டு நானும் திருதிருவென்று விழித்தேன். அந்த இடத்தில் காது கேளாமை அவனுக்கு ஒட்டியது மாதிரி இல்லை, எனக்கே வந்த மாதிரி இருந்தது.

அந்தத் தொடரின் 11-ஆம் இதழ் முழுக்க நாயின் பார்வை. அதைப் பற்றித் தனியாக ஒரு ராத்திரி பேசலாம். இப்போது வேண்டாம்.

11 ஜூன்

ஒன்றை விட்டுவிட்டேன். அந்தத் தொடரில் ஹாக்ஐ ஒருவர் இல்லை, இருவர். கேட் பிஷப், 2005-இல் வந்த பெண், அவளும் வில்தான், அவளும் ஊதாதான், பேரும் ஹாக்ஐதான். எடுத்த எடுப்பில் யாராவது “ஒருத்தரைத் தூக்கு” என்றிருப்பார்கள். இவர்கள் தூக்காமல் இரண்டு பேரையும் ஒரே சோபாவில் உட்கார வைத்தார்கள். அவள் பணக்கார வீட்டுப் பெண், சொன்னதைச் செய்து முடிப்பாள். அவன் எல்லாவற்றையும் தள்ளிப்போடுவான், பிறகு அடிவாங்குவான். அவள் திட்டுவாள். ஒருகட்டத்தில் நாயையும் கூட்டிக்கொண்டு லாஸ் ஏஞ்சலஸ் போய்விடுவாள். நாய்கூட!

கிரீன் லான்டர்ன் பக்கத்தில் கிரீன் ஆரோவை நிறுத்தினார்கள் என்று ஆறாம் தேதி எழுதினேன் அல்லவா. அதுவும் இதுதானோ?

14 ஜூன்

மூன்று நாளாக இதையே போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். பேனரில் ஒருவர் பேரைத் தப்பாகப் போட்டுவிட்டேன், அது தனிக் கதை.

கிரீன் லான்டர்ன்களை, அதாவது பச்சை மோதிரக்காரர்களை எடுத்துக்கொள்வோம். இதைவிட மோசமான சிக்கல் கிடையாது. ஒரே சீருடை, ஒரே மோதிரம், ஒரே உறுதிமொழி. ஹால் ஜோர்டன் 1959, கை கார்ட்னர் 1968, ஜான் ஸ்டூவர்ட் 1971, கைல் ரெய்னர் 1994. என் மசி சோதனையில் எல்லாரும் ஃபெயில். ஜெஃப் ஜான்ஸ் 2004-இல் தொடங்கிய ‘ரீபர்த்’ கதையில் இவர்களை ஒன்றாகக் களத்தில் இறக்குகிறார். மோதிரம் மனதில் நினைத்ததை ஒளியாலான உருவமாகச் செய்யும், அது எல்லாருக்கும் பொது. ஆனால் ஜான் கட்டடக் கலைஞர், அதனால் அவர் செய்யும் உருவத்துக்குள் போல்ட்டும் நட்டும்கூட இருக்கும், வெளியே தெரியாத பாகம்வரைக்கும். கைல் ஓவியன், ஓயாமல் கிறுக்கி மாற்றிக்கொண்டே இருப்பான். கை கார்ட்னரின் மோதிரம் நில்லாமல் பொறி தட்டும், ஆளும் அப்படித்தான். ஹாலுடையது தேவைக்கு மேல் ஒரு கோடு இருக்காது. கிலோவாக் என்ற வேற்றுக்கிரகப் பயிற்சியாளரின் மோதிரத்துக்கு மட்டும் சத்தம் உண்டு.

(தமிழில் எழுதும்போது ஒரு தொல்லை. ‘கை’ கார்ட்னரின் ‘கை’யில் மோதிரம் என்று எழுதிப் பாருங்கள்.)

இதில் எதையும் தனியாகச் சொன்னால் எடுபடாது. ஜான் தனியாகப் பறந்து ஒரு சுத்தியல் செய்தால் அது பச்சைச் சுத்தியல். பக்கத்தில் கைல் கிறுக்கிக்கொண்டிருக்கும்போதுதான் அந்த போல்ட்டும் நட்டும் கண்ணில் படுகிறது. இரண்டு வெள்ளை வேட்டியைத் தனித்தனியாகக் காட்டினால் இரண்டும் வெள்ளை. பக்கத்தில் வைத்தால்தான் எது பழுப்பு என்று தெரியும்.

ஆகவே என் கட்சி இப்போது இதுதான், எழுதி வைத்துக்கொள்: இரண்டு பேரையும் தள்ளித் தள்ளி வைப்பதால் பிரிக்க முடியாது. ஒரே கட்டத்தில், ஒரே வேலையைக் கொடுத்து, மூக்கோடு மூக்கு உரச விட வேண்டும். உன் கதையில் அக்கா எட்டுப் பக்கம் தனியாக, தங்கை எட்டுப் பக்கம் தனியாக ஓடுகிறார்கள். சேர்ந்து இருப்பது கடைசிச் சண்டையில்தான். அங்கே பேசவே நேரமில்லை.

ஜான் ஸ்டூவர்ட்டைப் பற்றி ஒரு புலம்பல். பிற்காலத்தில் அவரை மரைன் படைவீரராகவும் ஆக்கினார்கள். ஹால் ஏற்கனவே விமானி, ராணுவ வாடை உள்ள ஆள். கட்டடக்காரன் கையில் மோதிரம் என்ற ஒன்றே போதுமாயிருந்தது. துப்பாக்கியைக் கொடுத்து மறுபடி வரிசையில் நிறுத்திவிட்டார்கள்.

15 ஜூன்

“ஜேசன் டாடை மறந்துட்டீங்களே, காப்பி அடிச்சதுக்காகவே சாகடிக்கப்பட்ட ஒரே ராபின்” என்று ஒருவர்.

நானும் இதை இப்படியேதான் பத்து வருஷமாக டீக்கடையில் சொல்லிவருகிறேன். முதல் ராபின் டிக் கிரேசன், 1940, பெற்றோர் சர்க்கஸில் அந்தரத்தில் ஆடுகிறவர்கள், கொல்லப்படுகிறார்கள். 1983-இல் வந்த ஜேசன் டாட், பெற்றோர் சர்க்கஸில் அந்தரத்தில் ஆடுகிறவர்கள், கொல்லப்படுகிறார்கள். தலைமயிர் மட்டும் வேறு நிறம், அதற்கும் கறுப்புச் சாயம் அடித்துவிட்டார்கள். எங்கள் கோட்டுகூட இவ்வளவு மோசமில்லை. பிறகு 1988-இல் வாசகர்களே ஃபோன் போட்டு அவனைக் கொன்றார்கள். ஒரு அழைப்புக்கு ஐம்பது சென்ட். சாகட்டும் என்று 5,343, பிழைக்கட்டும் என்று 5,271. வித்தியாசம் 72.

பதில் எழுதுமுன் பழைய இதழ்களை வரிசைப்படுத்திப் பார்த்தபோது கதை தலைகீழாக நிற்கிறது. 1987-இலேயே அவனை மாற்றிவிட்டார்கள். சர்க்கஸ் போய்விட்டது. பேட்மேனின் கார் டயரைக் கழற்றித் திருடும் தெருப்பையனாகப் புதிதாக எழுதினார்கள். கோபக்காரன், சொல்பேச்சு கேளாதவன். அதாவது வாசகர்கள் கொன்றது காப்பியை அல்ல. தனி ஆளாக மாறிய பிறகுதான் கொன்றார்கள். காப்பியாக இருந்தவரைக்கும் யாருக்கும் அவன்மேல் கோபமே இல்லை.

டீக்கடையில் போய் இதைத் திருத்த வேண்டும். யாரும் கேட்கப் போவதில்லை.

17 ஜூன்

“ஒற்றுமை இருந்தா என்னங்க, கேஸா போடப்போறாங்க?”

போட்டார்கள். சூப்பர்மேனைப் போல இருக்கிறார் என்று கேப்டன் மார்வெல்மேல் 1941-இல் போட்ட வழக்கு 1953 வரை இழுத்தது. அவரை வெளியிட்ட ஃபாசெட் கம்பெனி கடைசியில் பணம் கட்டி அந்தக் காமிக்ஸையே நிறுத்திக்கொண்டது. அப்புறம் 1972-இல் வழக்குப் போட்ட டிசி-யே அந்த ஆளை உரிமம் வாங்கி வீட்டுக்குக் கூட்டிவந்தது. அதற்குள் அந்தப் பேரை மார்வெல் பதிவு செய்துவிட்டதால், இதழுக்கு அவருடைய மந்திரச் சொல்லான ஷசாம் என்பதையே பேராக வைத்தார்கள். இருவரும் ஒரே வீட்டுக்குள் வந்த பிறகு கேப் என்கிற முதுகுத் துணியின் நீளத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சூப்பர்மேன் பக்கத்தில் நிற்கும் அந்தப் பெரிய உடம்புக்குள் பில்லி பாட்சன் என்று ஒரு சின்னப் பையன் இருக்கிறான், அதுதான் பேச்சு.

இதையும் என் கட்சிக்கே சாட்சியாகச் சேர்த்துக்கொள்கிறேன்.

19 ஜூன், நள்ளிரவு தாண்டி

என் கட்சிக்கு எதிரான சாட்சியையும் நானே கூட்டிவருகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது.

1971. மார்வெலில் மேன்-திங். சில வாரங்கள் கழித்து டிசி-யில் ஸ்வாம்ப் திங். இரண்டுமே சதுப்பு நிலத்துச் சேற்று மனிதன், இரண்டுமே ஒரு விஞ்ஞானி சேற்றில் விழுந்து ஆனது. ஒன்றை எழுதிய ஜெரி கான்வேயும் மற்றதை எழுதிய லென் வெய்னும் அப்போது ஒரே அறையில் குடியிருந்தவர்கள். ஒரே அடுப்பில் இரண்டு குழம்பு.

இந்த இரண்டும் ஒரே கட்டத்தில் உரசிக்கொண்டு பிரியவில்லை. கம்பெனி வேறு. மேன்-திங்குக்கு மூளை கிடையாது, பிறருடைய பயத்தை மட்டும் உணரும், பயப்படுகிறவன் அதன் கை பட்டால் எரிந்துபோவான். ஸ்வாம்ப் திங்குக்கு மூளை உண்டு, மறுபடி மனிதனாகிவிடலாம் என்ற ஆசை உண்டு. 1984-இல் எழுத்தாளர் ஆலன் மூர் அந்த ஆசையின் அடிவேரையே வெட்டினார். இது மனிதனே அல்ல, செத்துப்போன விஞ்ஞானி அலெக் ஹாலண்டின் நினைவுகளோடு தன்னையே அலெக் என்று நினைத்துக்கொண்டிருந்த செடி, திரும்பிப் போக அதற்கு மனித உடம்பே கிடையாது என்றார். பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. உரசல் இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து அதை மேன்-திங்கோடு யாரும் குழப்புவதில்லை.

பக்கத்தில் யாரும் இல்லை என்றா எழுதினேன்? அது தினமும் தன்னை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது அந்தச் செத்த அலெக்கோடுதானே. வக்கீல் வாதம் மாதிரி இருக்கிறது, தெரியும். காலையில் படித்தால் எனக்கே பிடிக்காமல் போகலாம்.

20 ஜூன்

காலையில் பிடிக்கவில்லை. இருக்கட்டும், அழிக்கவில்லை.

21 ஜூன்

சம்பந்தமில்லாமல் ஒன்று. சின்ன வயதில் என்னையும் பக்கத்து வீட்டுக்காரனையும் அடிதடிவரை கொண்டுபோன விஷயம்: மாயாவி யார்? முத்து காமிக்ஸ் படித்த எனக்கு மாயாவி என்றால் இரும்புக்கை. ராணி காமிக்ஸ் படித்த அவனுக்கு மாயாவி என்றால் முகமூடி போட்டுக் குதிரையில் வருகிற ஃபேண்டம். ஒரே பேரில் இரண்டு பேர். “மாயாவி குதிரையில போவாரு”, “மாயாவிக்கு எதுக்குடா குதிரை, கண்ணுக்கே தெரிய மாட்டாரு”. ஒரு மணி நேரம் ஒருவரை ஒருவர் பொய்யன் என்று திட்டிக்கொண்டோம். உருவமும் உடையும் சக்தியும் எல்லாமே வேறு, பேர் ஒன்றே ஒன்றுதான் குழப்பியது. பேரைப் பற்றியும் யோசி. மின்னல்விழி, மின்னல்மொழி என்று வைத்திருக்கிறாய். பலூனில் பார்க்கும்போது இரண்டும் ஒரே நீளம்.

28 ஜூன்

திருத்திய பக்கங்கள் வந்தன. முதல் ஆறு பக்கம் மட்டும்.

இப்போது கதை அடுப்பங்கரையில் தொடங்குகிறது. குழம்பு கொதிக்கிறது, அம்மா இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் கறிவேப்பிலை வாங்க அனுப்புகிறாள். தங்கை அரை நொடியில் வந்து நிற்கிறாள், கையில் கறிவேப்பிலை இருக்கிறது, காசு கொடுக்க மறந்துவிட்டாள். அக்கா ஒன்றரை நொடியில் வருகிறாள், தங்கை கொடுக்காத காசையும் கொடுத்துவிட்டு மீதிச் சில்லறையோடு. அம்மா நிமிரக்கூட இல்லை.

நான்காம் பக்கம்தான் என்னை உட்கார வைத்தது. தங்கை செருப்பில்லாமல் ஓடுகிறாள், அக்கா செருப்போடு ஓடுகிறாள், அக்காவின் செருப்பு தேயவே இல்லை என்பதைத் தங்கை கவனிக்கிறாள். “நீ முழு வேகத்துல ஓடுறதே இல்ல, என்ன?” அக்கா பதில் சொல்லாமல் சில்லறையை டப்பாவில் போடுகிறாள். பலூன் இல்லாத கட்டம்.

செருப்பைப் பற்றி நான்தான் கேட்டேன், ஆனால் இது எனக்குத் தோன்றவில்லை. நான் காசைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கட்டைவிரல் சோதனையில் பதினொரு பலூனில் ஒன்பதைச் சரியாகச் சொன்னேன். மீதி இரண்டு “அம்மா”.

2 ஜூலை

மருமகனிடம் கொடுத்தேன், ஒன்றும் சொல்லாமல். எது அக்கா எது தங்கை என்று அவன் கேட்கவே இல்லை. படித்து முடித்துவிட்டு, “மாமா, அந்த அக்கா நிஜமா எவ்வளவு வேகமா ஓடும்?” என்றான். எனக்குத் தெரியாது என்றேன். “இத வரைஞ்ச அண்ணனுக்குத் தெரியுமா?” என்றான்.

தெரியுமா? தெரிந்தால் இங்கே எழுதாதே, இருபத்தி நாலாம் பக்கம்வரை வைத்துக்கொள்.

ஆறாம் பக்கம் மூன்றாம் கட்டத்தில் மின்னலுக்கு மூன்று சுழி போட்டிருக்கிறாய். அச்சுக்குப் போகுமுன் மாற்று.